வாசலில் நின்ற தம்பிக்கும் கொலைத் தண்டனையா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். நாலு பேர் ஒரு வீட்டில் நகையைக் கொள்ளையடிக்கப் போனார்கள். உங்கள் தம்பி தெருவில் பைக்கோடு நின்றார். உள்ளே போன மூவரில் ஒருவன் அங்கிருந்த பெரியவரைக் கத்தியால் குத்த, அவர் இறந்துவிட்டார். செஷன்ஸ் கோர்ட் நாலு பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. "வாசற்படியைக்கூட மிதிக்காதவனுக்கு எப்படிக் கொலைத் தண்டனை? ஹைகோர்ட்டில் இது நிற்குமா?" என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளியே நின்றவன் கொலைக்குப் பொறுப்பாவானா என்பது ஒன்று, அது சட்டம். உங்கள் தம்பி அங்கே நின்றார், இன்னதைத் தெரிந்துகொண்டுதான் நின்றார் என்று போலீஸ் எதை வைத்து நிரூபித்தது என்பது இன்னொன்று, அது சாட்சியம். வீட்டுக்காரர்கள் எப்போதும் முதல் கேள்வியைத்தான் கேட்பார்கள். நான் பார்த்தவரை அப்பீல்கள் ஜெயிப்பது பெரும்பாலும் இரண்டாவதில்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்த மாதிரி அப்பீல்களை நடத்திவருகிறேன். ஆனால் உங்கள் தம்பியின் தீர்ப்பு என் கையில் இல்லை. அதைப் படிக்காமல் "விடுதலை நிச்சயம்" என்று சொல்கிற வக்கீலை நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. சட்டத்தில் உறுதியானது எது, நீதிபதிக்கு நீதிபதி மாறக்கூடியது எது என்பதை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். இன்னொன்று: 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவம் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. எண்கள் மாறியிருக்கின்றன, இந்த விஷயத்தில் சாரம் பெரும்பாலும் மாறவில்லை. பழைய எண்களிலேயே பேசுகிறேன், கோர்ட்டில் இன்னும் நாக்கு அதில்தான் பழகியிருக்கிறது.

முதலில் தலைகளை எண்ணுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் பிரிகிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக்கொள்ளை. அதன்போது ஒருவன் கொலை செய்தால் 396-ஆவது பிரிவுப்படி அத்தனை பேரும் பொறுப்பு. கொல்லும் எண்ணம் மற்றவர்களுக்கு இருந்ததா, கத்தி இருப்பது தெரியுமா என்றெல்லாம் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. கொள்ளையில் சேர்ந்து பங்கெடுத்தான், அதன் நடுவில் கொலை நடந்தது, அவ்வளவு போதும். நாலு பேர் என்றால் இந்தக் குறுக்குவழி கிடையாது. கொலைக்கான 302-ஐ, பலர் சேர்ந்து செய்ததற்கான 34-உடன் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதாவது பொது உள்நோக்கம் (எல்லாரும் சேர்ந்து கொண்ட எண்ணம்) இருந்ததை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரூபித்தாக வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 396-இல் மாட்டுவது சுலபம், ஆனால் அங்கே நீதிபதிக்குக் கை கொஞ்சம் நீளும்: மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்து ஆண்டு வரை கடுங்காவல். 302-இல் ஆயுளுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. வெளியே நின்றவன்மேல் நீதிபதிக்கு எவ்வளவு இரக்கம் வந்தாலும், 302-ஐயும் 34-ஐயும் சேர்த்துக் குற்றவாளி என்று எழுதிவிட்டால் ஆயுள்தான். அதனால்தான் இந்த அப்பீல்களில் "தண்டனையைக் குறையுங்கள்" என்று கெஞ்சிப் பயனில்லை. பிரிவையே மாற்ற வைக்க வேண்டும்.

எண்ணிக்கைச் சண்டை பல அப்பீல்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. பெயர் சொல்லிக் குறிப்பிட்டவர்கள்மேல் மட்டும் கூட்டுக்கொள்ளைக் குற்றச்சாட்டு வனைந்து, அவர்களில் சிலரை விடுதலை செய்தபின் மிச்சம் ஐந்துக்குக் கீழே போனால், அந்தத் தண்டனை நிற்காது. 1983-இல் ராம் லகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் செய்தது. ஆனால் அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் வந்தார்கள் என்பது குற்றச்சாட்டிலேயே இருந்து, மொத்தம் ஐந்துக்குக் குறையவில்லை என்று சாட்சியமும் சொன்னால், பிடிபட்டவன் ஒருவனே ஆனாலும் தண்டனை நிற்கும். 1973-இல் சக்து வழக்கு அந்தப் பக்கம். உங்கள் தம்பி வழக்கில் நாலு பேர் என்கிறீர்கள். முதல் தகவல் அறிக்கையிலும் நாலுதானா என்று பாருங்கள்.

சரி, 34-க்கு வருவோம். "நான் குத்தவில்லை" என்பது மட்டும் இங்கே காப்பாற்றாது. இது உறுதி. 1923 ஆகஸ்டில் கல்கத்தாவின் சங்கரிதோலா தபால் நிலையத்தில், பின்னறையில் பணம் எண்ணிக்கொண்டிருந்த துணை போஸ்ட்மாஸ்டரைக் கதவருகே வந்து நின்றவர்கள் பணம் கேட்டுச் சுட்டுக் கொன்றார்கள். ஓடியவர்களில் பரேந்திர குமார் கோஷ் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். "நான் முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோய் இருந்தேன்" என்பது அவருடைய வாதம். உங்கள் தம்பியின் வாதமும் ஏறக்குறைய அதேதான். அன்று நமக்கு லண்டனில் இருந்த கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. நின்று காத்திருப்பவர்களும் ஊழியம் செய்பவர்களே என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் கவிதை வரியை நீதிபதி லார்டு சம்னர் தீர்ப்பில் எடுத்தாண்டார். நூறு வருடமாக அரசு வக்கீல்கள் அந்த ஒரு வரியை விடுவதாக இல்லை. எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதே பிரிவி கவுன்சில்தான் 1945-இல் மஹ்பூப் ஷா வழக்கில் மறுபக்கத்தையும் சொன்னது. சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டுவதில் வந்த தகராறு. இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்து சுட்டார்கள், ஒருவன் சுட்டதில் ஒருவர் இறந்தார். மற்றவனுக்கு விதித்த கொலைத் தண்டனையைப் பிரிவி கவுன்சில் ரத்து செய்தது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரியான எண்ணம் இருப்பது வேறு, பொது எண்ணம் இருப்பது வேறு; முன்கூட்டியே மனம் ஒத்த திட்டம் வேண்டும் என்றது. ஹைகோர்ட்டில் இந்த வகை வாதம் எல்லாம் இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில்தான் ஊசலாடும்.

திட்டம் மாதக்கணக்கில் போட்டிருக்க வேண்டியதில்லை, அந்த இடத்திலேயே நொடியில் உருவாகலாம் என்பதும் உறுதியான சட்டம். ஆனால் அந்த நொடியில் உள்ளே இருந்தவர்களுக்கு உருவானது, வெளியே நின்றவனுக்கு எப்படி உருவானது? இந்த இடத்தில்தான் உங்கள் தம்பிக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. 2001-இல் சுரேஷ் வழக்கில், வீட்டுக்குள் ஒரு குடும்பத்தையே வெட்டிக் கொன்றபோது வெளியே சாலையில் நின்ற பெண்ணை ஹைகோர்ட் விடுவித்ததை உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. நின்றதோடு ஏதாவது செய்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை. ஆனால் அங்கே அவர் எதற்காக நின்றார் என்பதே தெளிவில்லை. உங்கள் தம்பி பைக்கைக் கிளப்பத் தயாராக நின்றார் என்பது நிரூபணமானால், கொள்ளையில் அவருக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக, கேள்வி இப்படிக் குறுகுகிறது: அந்த நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது கொள்ளையடிக்கும் எண்ணம் மட்டுமா, தேவைப்பட்டால் ஆளை முடித்துவிடும் எண்ணமுமா? இதற்குக் கறாரான அளவுகோல் கிடையாது. ஒரே மாதிரி உண்மைகளில் இரண்டு பெஞ்ச் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதி நான் பார்த்திருக்கிறேன். எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியும். கத்தியை யார் கொண்டுவந்தது, மற்றவர்கள் கண்ணில் படும்படி கொண்டுவந்தானா, அல்லது அந்த வீட்டுச் சமையலறையிலிருந்தே எடுத்ததா? கடைசி ரகம் என்றால் வெளியே நின்றவனுக்கு மிகப் பெரிய சாதகம். முகத்தை மறைத்துப் போனார்களா? மறைத்திருந்தால் ஆளை உயிரோடு விடும் திட்டம் என்று வாதாடலாம். மறைக்காமல், அதுவும் இறந்தவருக்குத் தெரிந்த ஆட்களே போயிருந்தால், அடையாளம் சொல்லாமல் இருக்கக் கொல்வதும் திட்டத்திலேயே இருந்தது என்று அரசுத் தரப்பு சொல்லும். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஒரே குத்தா, பன்னிரண்டு குத்தா? உள்ளே மூன்று நிமிடமா, முக்கால் மணி நேரமா? குத்து விழுந்த பிறகும் வெளியே நின்றவன் காத்திருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனானா, பங்கை வாங்கினானா?

நான் நடத்திய ஓர் அப்பீலைச் சொன்னால் இது புரியும். ஆள் அடையாளம் தெரியாமல் சொல்கிறேன். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதியவர். மூன்று பேர் போனார்கள், என் கட்சிக்காரர் வேன் ஓட்டியவர், மூன்றாம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் எதிரி என்போம்). கத்தி, அரிவாள் எதுவும் இல்லை. முதியவரின் வாயில் பிளாஸ்டர் ஒட்டிக் கையைக் கட்டிப் போட்டுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் மூச்சுத் திணறி இறந்தார். பிரச்சினை என்னவென்றால், அந்த பிளாஸ்டர் சுருளை ஹார்டுவேர் கடையில் வாங்கியதே என் கட்சிக்காரர்தான். கடைக்காரர் சாட்சி சொல்லிவிட்டார், பில்லும் சான்றாவணம் ஆகிவிட்டது. செஷன்ஸ் கோர்ட் அந்த பில்லைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் தெரிந்தவர்" என்று ஆயுள் கொடுத்தது.

கட்டுக்கட்டாக இருந்த காகிதங்களில் என்னைக் காப்பாற்றியது பிரேதப் பரிசோதனை அறிக்கையின் ஒரு வரி. பிளாஸ்டருக்கு உள்ளே, தொண்டை வரை ஒரு துண்டுத் துணி திணிக்கப்பட்டிருந்தது. மூச்சை அடைத்தது அந்தத் துணிதான் என்று மருத்துவரே குறுக்கு விசாரணையில் ஒத்துக்கொண்டிருந்தார். துணி முதியவருடைய தோளில் கிடந்த துண்டிலிருந்து கிழித்தது. பிளாஸ்டர் வாங்கியவன் சத்தம் வராமல் இருக்க வாயை ஒட்டுவார்கள் என்று நினைத்திருப்பான். வீட்டுக்குள் எடுத்த துண்டைக் கிழித்துத் தொண்டைக்குள் திணிப்பார்கள் என்று வேனில் உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு எதிராக நின்ற அதே பில், வாயை ஒட்டுவது வரைக்கும்தான் பொதுத் திட்டம் என்பதற்கு எங்கள் சாட்சியம் ஆனது. அவருக்கு 302 போய், 394-இல் பத்து ஆண்டு ஆனது. உள்ளே போன இருவருக்கும் ஆயுள் அப்படியே நின்றது. ஒரே சம்பவத்தில் ஆளுக்கு ஒரு குற்றம் என்று பிரிப்பதற்கு 38-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. பல வக்கீல்கள் அதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை.

394 என்பது கொள்ளையின்போது காயம் ஏற்படுத்துவது. இதில் சேர்ந்து ஈடுபட்ட அனைவரும் பொறுப்பு என்று பிரிவே சொல்வதால் வெளியே நின்றவரும் தப்ப முடியாது. ஆனால் ஆயுள் அல்லது பத்து ஆண்டு வரை என்பதால் நீதிபதிக்கு இடம் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இறங்குமுகம் இதுதான் என்பது, தீர்ப்பைப் படிக்காமல் நான் சொல்லும் யூகம். 397-இலும் அவருக்குத் தண்டனை கொடுத்திருந்தால் அதை அப்பீலில் எடுத்துவிடலாம். உயிரைப் பறிக்கக்கூடிய ஆயுதத்தைத் தானே பயன்படுத்தியவனுக்கு மட்டும்தான் அந்த ஏழு ஆண்டுக் குறைந்தபட்சம் என்று 1975-இலேயே பூல் குமார் வழக்கில் முடிவாகிவிட்டது. இரவில் பூட்டை உடைத்து நுழைந்த வழக்கு என்றால் 460-ஐயும் பாருங்கள். அதில் ஒருவன் செய்த கொலைக்குச் சேர்ந்து போன எல்லாரும் பொறுப்பு, தண்டனை ஆயுள் அல்லது பத்து ஆண்டு வரை.

அரசுத் தரப்பு கையில் இன்னொரு சீட்டு இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. குற்றத்துக்கு உடந்தை பற்றிய 111-ஆவது பிரிவுக்கு 1860-இல் சட்டம் எழுதியவர்களே ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: நள்ளிரவில் ஒரு வீட்டை உடைத்துக் கொள்ளையடிக்க ஒருவன் இருவரைத் தூண்டி ஆயுதமும் கொடுக்கிறான். வீட்டுக்காரர் எதிர்க்க, அவர்கள் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் கொலை எதிர்பார்க்கக்கூடிய விளைவு என்றால், தூண்டியவனுக்கும் கொலைக்கான தண்டனை. ஆயுதம் யார் கொடுத்தது என்பதில் நான் இவ்வளவு அழுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்த மாதிரி வழக்குகளில் கண்ணால் பார்த்த சாட்சி அநேகமாக இருக்காது, பார்த்தவர் இறந்துவிட்டார். எனவே வழக்கு நகை மீட்பு, வாக்குமூலம், அடையாள அணிவகுப்பு என்ற மூன்று கால்களில் நிற்கும். மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதிய பத்திரத்தை, கையில் எடுத்துப் பாருங்கள். நாலு எதிரிகளும் தனித்தனி நேரத்தில் "தானாக முன்வந்து" கொடுத்த வாக்குமூலம், நாலுக்கும் அதே விஏஓ, அதே தலையாரி சாட்சி, பல நேரம் வாக்கியம்கூட மாறாது. அதில் எந்தப் பகுதி செல்லும் என்பதைப் புலுக்குரி கொட்டையா வழக்கு தெளிவாக்கிவிட்டது. "என் வீட்டுக் கூரையில் மறைத்துவைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்பது வரை செல்லும். "அதால்தான் குத்தினேன்" என்பது செல்லாது. செஷன்ஸ் தீர்ப்புகளில் இந்த இரண்டாவது பாதி சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்கும். சிவப்பு பேனாவால் அடிக்கோடிட வேண்டிய இடம் அது.

உடன் எதிரி ஒருவன் மாஜிஸ்திரேட்டிடம் "இவனும் வந்தான்" என்று சொல்லியிருந்தால் பயந்துவிடாதீர்கள். 1964-இல் ஹரிசரண் குர்மி வழக்கே 396-இல் வந்த அப்பீல்தான். உடன் எதிரியின் ஒப்புதல் வாக்குமூலத்தை அடித்தளமாக வைக்கக் கூடாது, மற்ற சாட்சியம் ஏற்கெனவே போதுமானதாக இருந்தால் அதற்குத் தெம்பூட்ட மட்டும் பயன்படுத்தலாம் என்று சொல்லி இருவரை விடுவித்தார்கள்.

நகை விஷயம் அவ்வளவு சுத்தமாக இல்லை. திருட்டுப் பொருள் கையில் இருந்தால் அவனே திருடினான் என்று ஊகிக்கலாம். கொலையும் செய்தான் என்று ஊகிக்கலாமா? அது மட்டும் போதாது என்று சன்வத் கான் வழக்கில் கொலைத் தண்டனையை ரத்து செய்தார்கள். 1983-இல் ஈரபத்ரப்பா வழக்கில், கொலையும் கொள்ளையும் ஒரே நிகழ்வின் பகுதிகள் என்றால் ஊகிக்கலாம் என்று, ஒரு வருடம் கழித்துக் கிடைத்த நகையையும் சேலைகளையும் வைத்தே கொலைக் குற்றத்தை உறுதி செய்தார்கள். அங்கே எதிரி அந்த வீட்டிலேயே வேலை செய்துவிட்டுச் சம்பவத்தன்று காணாமல் போனவன் என்பது நினைவிருக்கட்டும். உங்கள் தம்பி வழக்கில் நகை அவர் கையில் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் கிடைத்தது, அதை இறந்தவருடைய குடும்பத்தில் யார் அடையாளம் காட்டினார்கள் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

நீங்கள் கேள்வி எழுதிய இடத்தில் இன்னொருவர் "வெளிநாட்டில் இப்படியெல்லாம் இல்லை" என்று உங்களுக்குப் பதில் எழுதியிருந்தார். அது முழு உண்மை இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் நம் 396-ஐவிடக் கடுமையாக, கொள்ளையில் இருந்தாலே கொலைப் பொறுப்பு என்ற விதி இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2016-இல் ஜோகி வழக்கில், கூட்டாளி கொலை செய்யலாம் என்று முன்னுணர்ந்தாலே போதும் என்ற முப்பது வருட வழக்கம் தவறான திருப்பம் என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவும் ஹாங்காங்கும் அதைப் பின்பற்ற மறுத்துவிட்டன. நம் ஹைகோர்ட்டில் ஜோகியை மேற்கோள் காட்டலாம், நீதிபதி ஆர்வமாகக் கேட்பார், ஆனால் 34-இன் வாசகம்தான் கடைசியில் ஜெயிக்கும்.

நடைமுறைக்கு வருகிறேன். தீர்ப்புத் தேதியிலிருந்து அறுபது நாளுக்குள் ஹைகோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. தாமதமானாலும் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். இரண்டு நீதிபதிகள் விசாரிப்பார்கள், முறை வர வருடங்கள் ஆகலாம். எனவே அப்பீலோடு தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் போடுங்கள். குத்தியவனைவிட வெளியே நின்றவனுக்கு அது கிடைக்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை. "அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா" என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். எதிரி போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட முடியாது. அரசு தனியாக அப்பீல் போட்டாலோ, ஹைகோர்ட்டே நோட்டீஸ் கொடுத்தாலோதான் அந்தப் பேச்சு வரும்.

கடைசியாக, நாலு குடும்பமும் சேர்ந்து செலவைப் பகிர்ந்து ஒரே வக்கீலை வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். உடனே மாற்றுங்கள். உங்கள் தம்பியின் முழு வாதமும் "உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது, அது அவன் வேலை" என்பதுதான். அந்த "அவன்" சார்பிலும் அதே வக்கீல் நின்றால் வாயைத் திறக்க முடியாது. செஷன்ஸ் விசாரணையிலும் இப்படித்தான் நடந்திருக்கிறதா என்று குறுக்கு விசாரணைப் பக்கங்களில் பாருங்கள், உங்கள் தம்பிக்காகத் தனியாக ஒரு கேள்விகூட இல்லை என்றால் அதுவே அப்பீலில் ஒரு வாதம். பணம் இல்லையென்றால் சிறையிலிருந்தே சிறை அதிகாரி மூலம் அப்பீல் அனுப்பலாம், சட்ட உதவி மையத்தில் தனி வக்கீல் கிடைப்பார். தீர்ப்பு நகல் உங்கள் தம்பிக்கு இலவசமாகவே கொடுத்திருப்பார்கள். அதோடு குற்றச்சாட்டு வனைந்த தாள், சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், பிரேதப் பரிசோதனை அறிக்கை, நாலு மகஜர்களையும் புது வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வரைபடத்தில் பைக் நின்ற இடத்துக்கும் அந்த அறைக்கும் எத்தனை அடி என்று எழுதியிருக்கும், அதை முதலில் காட்டுங்கள்.